வளவுக்குள் ஓட்டு எண்ணினார்கள், பலகை நான் எழுதினேன்

காரைக்குடியில் ஃப்ளெக்ஸ் கடை வைத்து இருபது வருடம் ஆகிறது. அதற்கு முன்பு பிரஷ் பிடித்துச் சுவரிலும் தகரத்திலும் எழுதிக்கொண்டிருந்த ஆள் நான். கல்யாணம், காதுகுத்து, கும்பாபிஷேகம், கண்ணீர் அஞ்சலி எல்லாம் போட்டாயிற்று. தேர்தலுக்கும் போட்டிருக்கிறேன், எல்லாக் கட்சிக்கும். ஆனால் ஓட்டுச் சீட்டை ஊர் பார்க்க வைத்துச் சரிபார்க்கும் இடத்துக்கு என்னென்ன பலகை வேண்டும் என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. போன மாதம் கேட்டார்கள். செய்து முடித்ததில் சில விஷயம் பிடிபட்டது, சில இடத்தில் மூக்குடைபட்டேன். இரண்டையும் எழுதி வைக்கிறேன்.

விவகாரம் இதுதான். எங்கள் பக்கத்துக் கடைக்காரர்கள் சங்கத்தில் செயலாளர் பதவிக்குத் தேர்தல். மூன்று பேர் போட்டி. சின்னம் குடை, தராசு, அரிக்கேன் விளக்கு. பதிவான ஓட்டு 862. குடைக்கு 401, தராசுக்கு 392, விளக்குக்கு 48, செல்லாதவை 21. வித்தியாசம் ஒன்பது. எண்ணியது ஒரு அறைக்குள், கதவைச் சாத்திக்கொண்டு. யாரும் தப்புச் செய்தார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. காற்றில் சீட்டுப் பறக்கிறது என்று சாத்தினார்களாம். வெளியே நின்றவர்களுக்குத் தெரிந்தது அந்தக் கதவு மட்டும்தான். மறுநாள் காலை டீக்கடையில் ஆறு விதமான கதை.

எங்கள் தொகுதிக்காரர்களுக்கு மறுஎண்ணிக்கை என்றாலே 2009 ஞாபகம் வந்துவிடும். சிவகங்கை நாடாளுமன்றத் தொகுதியில் அன்றைக்கு வித்தியாசம் 3,354. அந்த முடிவை எதிர்த்துப் போட்ட வழக்கு உயர் நீதிமன்றத்தில் வருடக்கணக்கில் நடந்தது. ஒன்பது ஓட்டுக்கு எத்தனை வருடம் பேசுவார்கள் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

தேர்தல் அதிகாரியாக இருந்தவர் ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர். ஊரே அவரை ஹெட்மாஸ்டர் சார் என்றுதான் சொல்லும். அவரே ஒரு முடிவு எடுத்தார். சீல் வைத்த பெட்டியை அடுத்த ஞாயிற்றுக்கிழமை எல்லார் முன்னாலும் திறந்து, ஒவ்வொரு சீட்டையும் தூக்கிக் காட்டிச் சரிபார்ப்பது. உறுப்பினர், உறுப்பினர் அல்லாதவர், யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம். என்னிடம் வந்து, "தம்பி, பத்துப் பலகை போட்டுக் குடுங்க. கூட்டம் குழப்பம் இல்லாம நிக்கணும்" என்றார்.

இடம், பக்கத்துத் தெருவில் ஒரு பழைய செட்டிநாட்டு வீடு. முகப்பில் நின்றால் வளவு என்கிற நடுப்பகுதி, இரண்டாம் கட்டு எல்லாம் தாண்டிப் பின்வாசல் வரைக்கும் ஒரே நேர்கோட்டில் கண் போகும். நடுவில் திறந்த முற்றம். அதைச் சுற்றித் தூண் வைத்த தாழ்வாரம். முற்றத்தில் மேசை போட்டு எண்ணினால் நாலு பக்கத் தாழ்வாரத்திலும் ஆட்கள் நின்று பார்க்கலாம். இதற்கென்றே கட்டின மாதிரி இருக்கிறது என்று நினைத்தேன். வீட்டைப் பார்த்துக்கொள்ளும் ஆச்சி ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார்கள்.

"செவத்துல ஆணி அடிக்கக் கூடாது. டேப்பும் ஒட்டக் கூடாது. இது முட்டைப் பூச்சு. ஒரு எடம் உரிஞ்சா நீங்க பூசிக் குடுத்துருவீகளா?"

நியாயம். சுண்ணாம்பையும் முட்டை வெள்ளைக்கருவையும் சேர்த்து இழைத்துத் தேய்த்த சுவர். கை வைத்தால் இன்றைக்கும் பளிங்கு மாதிரி சில்லென்று இருக்கும். அதைப் பூச இப்போது ஆள் தேடுவதே பெரிய வேலை. ஆக, சுவரை மறந்துவிட வேண்டியதுதான்.

முதல் தவறு பலகையில் இல்லை, பட்டியலில். கடைக்கு வந்ததும் தோன்றியதை எல்லாம் எழுதினேன். அமைதி காக்கவும். உள்ளே வராதீர். செல்போன் அனுமதி இல்லை. மேசையைத் தொடாதீர். செருப்பைக் கழற்றவும். கழிப்பறை இந்தப் பக்கம். மொத்தம் பதினொன்று. ஹெட்மாஸ்டர் சார் பேனாவை எடுத்து ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தார். கடைசியில், "பதினொண்ணுல எட்டு, செய்யாதேன்னு சொல்லுது. வர்றவன் என்னத்தைத்தான் செய்யிறது?" என்றார். எனக்குச் சுருக்கென்றது. இருபது வருடமாக நான் எழுதிய அறிவிப்புப் பலகையில் பாதிக்கு மேல் அப்படித்தான் இருந்திருக்கும்.

அப்புறம் அவரோடு உட்கார்ந்து யோசித்தோம். வெளியே நிற்கிறவனுக்கு என்ன சந்தேகம் வரும்? பெட்டியை நடுவில் யாராவது திறந்தார்களா. கட்டு என்று கட்டி வைத்திருக்கிறார்களே, அதில் நிஜமாகவே ஐம்பது இருக்கிறதா. குடைக் கட்டுக்குள் தராசு ஓட்டு ஒளிந்திருக்கிறதா. செல்லாது என்று தள்ளினது எல்லாம் செல்லாததுதானா. கூட்டினால் கணக்கு உதைக்கிறதா. ஒவ்வொரு மேசையிலும் இதில் ஒரு கேள்விக்குத்தான் பதில் தேடுகிறார்கள். அப்படியானால் மேசைக்குப் பெயர் எதற்கு, அந்தக் கேள்வியையே தலைப்பாகப் போட்டுவிடலாமே என்று தோன்றியது.

முதல் மேசை: "சீல் வைத்தபடியே இருக்கிறதா?" இரண்டாவது: "கட்டில் 50 இருக்கிறதா? எல்லாம் ஒரே சின்னமா?" மூன்றாவது: "இந்தச் சீட்டு செல்லுமா, செல்லாதா?" நான்காவது: "கூட்டினால் 862 வருகிறதா?"

மூன்றாவதற்கு நான் முதலில் எழுதியது "ஐயச் சீட்டு மேசை". சாருக்கு அந்தச் சொல் ரொம்பப் பிடித்திருந்தது. கடைக்கு டீ கொண்டுவரும் தம்பியைப் படிக்கச் சொன்னேன். "ஐயாச் சீட்டா? பெரியவங்களுக்குத் தனியாவாண்ணே?" என்றான். சந்தேகச் சீட்டு என்று போட்டால் யாரையோ திருடன் என்று சொல்கிற மாதிரி ஒரு தொனி. கேள்வியாகவே போட்டதும் அந்தச் சிக்கல் போய்விட்டது.

கேள்வித் தலைப்புக்குக் கீழே சின்ன எழுத்தில் இரண்டே வரி. யார் பார்க்கிறார்கள், எப்படிப் பார்க்கிறார்கள். இரண்டாவது மேசைப் பலகையில் இப்படி இருந்தது: "ஒருவர் சீட்டைத் தூக்கிக் காட்டிச் சின்னத்தைச் சொல்வார். மற்றவர் அதைப் பார்த்துவிட்டு எண்ணைச் சொல்வார். இருவரும் ஒத்துப்போனால்தான் அடுத்த சீட்டு." இது எங்கள் கண்டுபிடிப்பு இல்லை. 2020 நவம்பரில் அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்தில் அதிபர் தேர்தல் சீட்டு சுமார் ஐம்பது லட்சத்தையும் கையால் திரும்ப எண்ணினார்கள். அங்கேயும் இரண்டிரண்டு பேராகத்தான் உட்கார்ந்து, ஒருவர் சொல்வதை மற்றவர் சரிபார்த்து எண்ணினார்கள். அவ்வளவு தூரம் போவானேன், உத்திரமேரூர்க் கல்வெட்டில் இருக்கிறதே என்றார் சார். பத்தாம் நூற்றாண்டு, முதலாம் பராந்தகச் சோழன் காலம். குடவோலைக் குடத்தை எல்லார் கண்ணிலும் படும்படி தூக்கிக் காட்ட வேண்டும். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத சிறுபிள்ளை ஓலையை எடுக்க வேண்டும். அதை வாங்குகிறவர் ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும். அவர் வாசித்த பிறகு அங்கே இருக்கும் நம்பிமார், அதாவது கோயில் அர்ச்சகர்கள், எல்லாரும் அதே ஓலையைத் திரும்ப வாசிக்க வேண்டும். விரலை மடக்கினால் உள்ளே வேறு ஓலை இருக்குமோ என்று அன்றைக்கே யோசித்திருக்கிறார்கள். சீட்டைத் தூக்கிக் காட்டுகிறவர் விரலை விரித்தே பிடிக்க வேண்டும் என்று சார் பயிற்சி கொடுத்தது இதை வைத்துத்தான்.

மேசைக்கு அடையாளம் என்ன வைப்பது என்பதில் இன்னொரு தலைவலி. 1, 2, 3 என்று போட்டால் வேட்பாளர் வரிசை எண்ணோடு குழம்பும். அ, ஆ, இ என்று போட்டுப் பார்த்தோம். மைக்கில் "அ மேசை", "ஆ மேசை" என்று சொன்னால் வித்தியாசமே தெரியவில்லை. தூரத்திலிருந்து பார்த்தாலும் இரண்டும் ஒரே மாதிரிதான். பெட்டி மேசை, கட்டு மேசை, செல்லுமா மேசை, கணக்கு மேசை என்று பேச்சில் சொல்லிக்கொள்வது என்று விட்டுவிட்டோம். அரை மணி நேரத்தில் எல்லார் வாயிலும் அதுவே வந்துவிட்டது.

நிறம். இதைப் பற்றி எழுதினால் ஒரு நாள் போதாது. கறுப்பு சிவப்பு ஒரு கட்சி, நடுவில் வெள்ளை விழுந்தால் இன்னொன்று, மஞ்சள் ஒன்று, நீலம் ஒன்று, பச்சை ஒன்று, காவி ஒன்று. நம் ஊரில் ஓட்டு நடக்கும் இடத்தில் நிறம் சும்மா இருக்காது. ஊராட்சித் தேர்தலில் பதவிக்கு ஒரு நிறமாகச் சீட்டுக் கொடுப்பார்கள், தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியத்துக்குப் பச்சை, மாவட்டத்துக்கு மஞ்சள் என்று. அது சீட்டுக்குச் சரி, பலகைக்கு ஒத்துவராது. கடைசியில் தந்த வெள்ளையில் கறுப்பு எழுத்து, கோடு போட மட்டும் காப்பிப்பொடி நிறம். அதற்கு எந்தக் கட்சியும் இன்னும் வரவில்லை.

வழிகாட்ட வழக்கமாக நான் போடுவது விரல் நீட்டிய கை. பழைய போர்டுக்காரன் பழக்கம். வரைந்து முடித்த பிறகுதான் உறைத்தது, கை ஒரு கட்சியின் சின்னம். அழித்துவிட்டு வெறும் அம்புக்குறி போட்டேன்.

இவ்வளவு ஜாக்கிரதையாக இருந்தும் பெரிய சறுக்கல் ஒன்று நடந்தது. எழுத்துப் படிக்காதவர்களும் வருவார்களே என்று ஒவ்வொரு பலகையிலும் ஒரு படம் போட்டேன். பெட்டிக்குப் பூட்டு, கட்டுக்கு நூல் சுற்றிய காகிதக் கட்டு. கணக்கு மேசைக்கு? தராசு! அழகாக, இரண்டு தட்டும் சமமாக நிற்கிற தராசு. நானும் சாரும் இரண்டு நாள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தோம், எங்களுக்குத் தோன்றவே இல்லை. சனிக்கிழமை சாயங்காலம் அதே டீத் தம்பி, "அண்ணே, கணக்கு மேசை மட்டும் தராசு அண்ணனுக்கா? அப்ப குடைக்காரர் எங்க உக்காருவாரு?" என்றான். எனக்குக் கை கால் ஓடவில்லை. இதோடு ஞாயிறு காலை கூட்டத்துக்கு முன்னால் வைத்திருந்தால் அன்றோடு கடையைச் சாத்த வேண்டியதுதான். ராத்திரியே வினைல் ஸ்டிக்கரை உரித்து, தராசு இருந்த இடத்தில் கூட்டல் குறியும் 862-உம் வெட்டி ஒட்டினேன். உரித்த இடத்தில் பசைத் தடம் லேசாகத் தெரிந்தது. உற்றுப் பார்த்தால் தராசின் நிழல் இன்னும் இருக்கும். யாரும் உற்றுப் பார்க்கவில்லை.

அதனால் சொல்கிறேன், பலகையை வைப்பதற்கு முதல் நாள், அதில் சம்பந்தமே இல்லாத ஒருவரிடம் காட்டிவிடுங்கள். என் செலவில் ஆன பாடம் அது. அந்தத் தம்பிக்கு இரண்டு நாள் டீக் காசை இரட்டிப்பாகக் கொடுத்தேன்.

இனி வேலை விவரம். எழுத்தின் உயரத்துக்கு எங்கள் தொழிலில் ஒரு கணக்கு உண்டு. பத்தடி தூரத்துக்கு ஒரு அங்குல எழுத்து இருந்தால் கண்ணைச் சுருக்காமல் படிக்கலாம். முற்றத்து மேசையிலிருந்து தாழ்வாரத்தின் கடைசி மூலை முப்பதடி. அப்படியானால் தலைப்பு மூன்று அங்குலம். இது ஆங்கிலத்தின் பெரிய எழுத்தை வைத்துச் சொன்ன கணக்கு. தமிழில் "ப" எவ்வளவு உயரமோ அதுதான் மூன்று அங்குலம் இருக்க வேண்டும். மேலே ஏறும் "றி", கீழே இறங்கும் "ளு" எல்லாம் அதற்கு மேல் சேர்த்தி. அதனால் ஒரே அளவுப் பலகையில் ஆங்கிலம் நாலு வரி பிடித்தால் தமிழ் மூன்று வரிதான் பிடிக்கும். இதை மறந்து வரிகளை நெருக்கினால் மேல் வரியின் காலும் கீழ் வரியின் சுழியும் ஒன்றோடு ஒன்று இடித்துக்கொள்ளும். கிட்டத்தில் பார்க்கும்போது தெரியாது. முப்பதடியில் நின்றால் கம்பளிப் பூச்சி ஊர்கிற மாதிரி இருக்கும்.

எழுத்துரு மெல்லியதாக இருக்கக் கூடாது, அதற்காகக் குண்டாகவும் போகக் கூடாது. குண்டாக்கினால் "ண", "ன", "ஞ" இவற்றின் சுழி அடைத்துக்கொள்ளும். நோட்டோ சான்ஸ் தமிழில் நடுத்தரத் தடிமன் எனக்குச் சரியாக வந்தது. இதில் ஒரு சின்ன எரிச்சல். சார் வாட்ஸ்அப்பில் அனுப்பியது யூனிகோடு, என் கடைக் கோரல் டிராவில் இருப்பதெல்லாம் யூனிகோடு ஒத்துவராத பாமினிக் காலத்து எழுத்துரு. ஒட்டினால் கட்டங்கட்டமாக வரும். பழைய கடைக்காரர்களுக்கு இது தெரிந்த வலிதான், விட்டுவிடுகிறேன்.

பலகைக்கு ஐந்து மில்லிமீட்டர் சன்போர்டு என்கிற நுரை அட்டை, இரண்டடிக்கு மூன்றடி. மேலே வினைல். லேமினேஷன் விஷயத்தில் தப்புப் பண்ணினேன். கையில் பளபளப்பு ரோல்தான் இருந்தது, அதையே போட்டேன். சுவரில் ஒட்ட முடியாது என்பதால் முக்கால் இன்ச் பிவிசி பைப்பில் தாங்கி செய்தேன். ஐந்தடி நிலைக்கால், கீழே இரண்டடி நீளத்தில் குறுக்குக் கால், டி ஜாயின்ட், எல்போ, மூடி. மூடியைப் போடுவதற்கு முன்னால் குறுக்குக் காலில் மணலை நிரப்பிவிட வேண்டும். அது இல்லாவிட்டால் நிற்காது. இந்த வீடுகளில் முன்வாசலும் பின்வாசலும் நேராக இருப்பதால் காற்று குழாய்க்குள் வருகிற மாதிரி வரும். ஒத்திகை நாளில் ஒன்று சாய்ந்தது. பார்த்தால், ஒரு டி ஜாயின்டுக்குச் சால்வென்ட் பசை போட மறந்திருக்கிறேன். மணலெல்லாம் ஆத்தங்குடித் தரைக் கல்லில் கொட்டிவிட்டது. ஆச்சி ஒன்றும் சொல்லவில்லை, விளக்குமாற்றை மட்டும் என் கையில் கொடுத்தார்கள்.

சீட்டுக் கட்டுகளை வைக்கக் கொட்டான் தருகிறேன் என்று ஆச்சியே கொடுத்தார்கள். பனை ஓலையில் பின்னிய கொட்டான், நம் பக்கத்து அழகு. ஒவ்வொரு சின்னத்துக்கும் ஒரு கொட்டான், கழுத்தில் அட்டை கட்டித் தொங்கவிட்டேன். பார்க்க அவ்வளவு நன்றாக இருந்தது. சாரும் ரசித்தார். ஐந்து நிமிடம் கழித்து அவரே, "உள்ள என்ன கெடக்குன்னு வெளியிலேர்ந்து தெரியலையே தம்பி" என்றார். அத்தனை மெனக்கெட்டு வெளிச்சத்தில் எண்ணிவிட்டு, சீட்டை ஓலைக் கூடைக்குள் போட்டு மறைப்பதா? கொட்டான் எல்லாம் வந்தவர்களுக்கு வெற்றிலை பாக்கு வைக்கப் போனது. அதற்குப் பதில் இனிப்புக் கடையிலிருந்து கண்ணாடி மாதிரித் தெரியும் பிளாஸ்டிக் டப்பாக்களை வாடகைக்கு எடுத்தோம்.

நிற்கும் எல்லைக்கு முதலில் கோலமாவில் கோடு போட்டோம், தரையில் டேப் ஒட்ட மனமில்லாமல். பத்து மணிக்குள் பத்துப் பேர் மிதித்து அழித்துவிட்டார்கள். தூணுக்குத் தூண் இடுப்பளவில் கயிறு கட்டினோம். கயிற்றில் "இங்கிருந்து படம் எடுக்கலாம்" என்று மூன்று இடத்தில் சின்ன அட்டை. முதல் பட்டியலில் இருந்த "செல்போன் அனுமதி இல்லை" என்பதன் மறுபிறவி அது. அரசுத் தேர்தலில் வாக்கு எண்ணும் மையத்துக்குள் முகவர் போன் கொண்டுபோக முடியாது. இது சங்கத் தேர்தல், எடுத்துவிட்டுப் போகட்டும் என்று சார் சொல்லிவிட்டார். எடுக்கலாம் என்று எழுதியிருந்ததால் எல்லாரும் கயிற்றுக்கு வெளியே நின்றே எடுத்தார்கள். யாரும் எட்டிக் கையை நீட்டவில்லை.

அரசு எண்ணிக்கையில் ஓட்டு இயந்திரத்தோடு அச்சாகி விழும் ஒப்புகைச் சீட்டை (விவிபாட்) எண்ணக் கம்பி வலை போட்ட கூண்டு வைப்பார்கள், வங்கிக் காசாளர் கூண்டு மாதிரி. உச்ச நீதிமன்றம் 2019 ஏப்ரல் 8 அன்று சொன்ன பிறகு, சட்டமன்றத் தொகுதிக்கு ஐந்து வாக்குச்சாவடி, அதுவும் குலுக்கலில் எடுத்து, அந்தக் கூண்டுக்குள் எண்ணுகிறார்கள். குலுக்கல் அட்டையில் சாவடி எண்ணின் ஒவ்வொரு இலக்கமும் குறைந்தது ஓர் அங்குலத்துக்கு ஓர் அங்குலம் இருக்க வேண்டும் என்று ஆணையத்தின் கையேட்டில் உண்டு. என் தொழில் பாஷை அரசுப் புத்தகத்திலும் இருக்கிறது என்று எனக்கு ஒரே சந்தோஷம். நாங்களும் எந்தக் கட்டை முதலில் பிரிப்பது என்பதைக் குலுக்கலில்தான் எடுத்தோம். ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை பித்தளைச் சொம்பிலிருந்து எடுத்தது. அமெரிக்காவில் கொலராடோவில் 2017-லிருந்து தணிக்கைச் சீட்டைத் தேர்வு செய்யப் பத்து முகப் பகடையை எல்லார் முன்னாலும் இருபது முறை உருட்டுகிறார்களாம். நமக்குச் சொம்பு போதும்.

ஞாயிறு காலை பத்து மணிக்கு ஆரம்பம். இருநூறு பேராவது இருக்கும். பெட்டி மேசையில் சீலைக் காட்டினார்கள், சீல் வைத்த அன்று எடுத்த படத்தைப் பெரிதாக அச்சடித்துப் பலகைக்குக் கீழேயே வைத்திருந்தோம். மூன்று தரப்பு முகவரும் பார்த்துக் கையெழுத்துப் போட்டார்கள். இதுவரை சத்தம் இல்லை.

கட்டு மேசையில் மூன்றாவது கட்டு போகும்போது ஒருவர், "இப்ப எதை எண்ணுறாங்க? எனக்கு ஒண்ணும் புரியல" என்று குரல் எழுப்பினார். பக்கத்திலிருந்தவர் பலகையைக் காட்டினார். "அது தெரியுதுய்யா, இது எத்தனாவது கட்டு?" சரியான கேள்வி. என் பலகை இந்த மேசையில் என்ன வேலை என்று சொன்னதே தவிர, இந்த நிமிடம் எங்கே இருக்கிறோம் என்று சொல்லவில்லை. கைவசம் ஒரு பலகை மிச்சம் இருந்தது. மார்க்கரில் "இப்போது" என்று எழுதி, கீழே இரண்டு கிளிப் போட்டேன். ஒன்றில் சின்னம், ஒன்றில் கட்டு எண். கடைப் பையன் ஒருவன் பக்கத்தில் நின்று, கட்டு மாற மாற அட்டையை மாற்றினான். கிரிக்கெட் ஸ்கோர் போர்டு மாதிரி. அன்றைக்கு வைத்ததில் அதிகம் பார்க்கப்பட்ட பலகை அதுதான், அதுவும் என் கோணல் கையெழுத்தில். முறையாக அச்சடித்தவை எல்லாம் ஒரு தரம் படித்த பிறகு சும்மா நின்றன.

பதினோரு மணிக்கு மேல் வெயில் முற்றத்தில் நேராக இறங்கியது. மேற்குத் தாழ்வாரத்திலிருந்து பார்த்தால் என் பளபளப்பு லேமினேஷன் கண்ணாடி மாதிரி மின்னுகிறது, ஒரு எழுத்துத் தெரியவில்லை. என்ன செய்வதென்று சுற்றிப் பார்த்தேன். வீட்டில் மாட்டியிருந்த பழைய படங்கள், பெரியவர்கள் ஜரிகை அங்கவஸ்திரத்தோடு உட்கார்ந்திருக்கும் படங்கள், எல்லாமே தலை முன்னால் சாய்ந்தபடி தொங்குகின்றன. கீழே நின்று பார்ப்பவர் கண்ணில் வெளிச்சம் அடிக்காமல் இருக்க அப்படி மாட்டுவது. பலகையின் மேல் கிளிப்பைத் தளர்த்தி, பின்னால் ஒரு துண்டுப் பைப்பைக் கொடுத்து, நாலு பலகையையும் ஒரு சாண் முன்னால் சாய்த்தேன். பளபளப்பு தரைக்குப் போய்விட்டது. அடுத்த முறை மேட் லேமினேஷன்தான், ஆனாலும் சாய்த்தே வைப்பேன்.

குடையின் ஐந்தாவது கட்டில் ஒரு தராசு ஓட்டு கிடந்தது. அதைத் தூக்கிக் காட்டியபோது சட்டென்று ஒரு அமைதி, அப்புறம் ஒரு இரைச்சல். சார் மைக்கில் ஒன்றும் பேசவில்லை. பலகையில் "எல்லாம் ஒரே சின்னமா?" என்ற இடத்தைத் தடியால் தொட்டுக் காட்டிவிட்டு, கணக்கு மேசைக் கரும்பலகையில் குடைக்கு ஒன்று கழித்தல், தராசுக்கு ஒன்று கூட்டல் என்று எழுதச் சொன்னார். இதைக் கண்டுபிடிக்கத்தான் இந்த மேசையே என்று பலகையில் முன்னாலேயே எழுதியிருந்ததால், இரைச்சல் சண்டையாக மாறவில்லை என்று நினைக்கிறேன். அல்லது சாரிடம் படித்தவர்கள் கூட்டத்தில் பாதிப் பேர் என்பதாலும் இருக்கலாம்.

செல்லுமா மேசைதான் அன்றைய சுவாரசியம். சங்கம் அரசுச் சீட்டில் குத்துவது போன்ற ஸ்வஸ்திக் முத்திரையைத்தான் பயன்படுத்தியிருந்தது. அந்த முத்திரைக்குக் கை எல்லாம் ஒரே பக்கமாக வளைந்திருக்கும். மை காய்வதற்குள் சீட்டை மடித்தால் எதிர்ப் பாதியிலும் தடம் விழும், ஆனால் கண்ணாடியில் பார்ப்பது போல எதிர்ப்பக்கம் வளைந்து விழும். எது குத்தியது, எது ஒட்டியது என்று அதை வைத்துச் சொல்லிவிடலாம். முதல் முறை எண்ணிய அவசரத்தில் இரண்டு இடத்தில் தடம் இருந்த சீட்டை எல்லாம் செல்லாது என்று ஒதுக்கிவிட்டார்கள். என் பலகையில் இரண்டு முத்திரையையும் ஒரு சாண் உயரத்துக்குப் பக்கத்தில் பக்கத்தில் வரைந்து, ஒன்றின் கீழே "குத்தியது", மற்றதன் கீழே "மடிப்பில் ஒட்டியது" என்று எழுதியிருந்தேன்.

அது மட்டும் போதாது என்று சார் முகப்புத் திண்ணையில் ஒரு முக்காலி போடச் சொன்னார். அதில் ஸ்டாம்ப் பேடு, அதே மாதிரி முத்திரை, "மாதிரி" என்று குறுக்கே அச்சடித்த பழுப்புத் தாள். உண்மைச் சீட்டோடு கலந்துவிடக் கூடாது என்றுதான் நிறமும் இடமும் தள்ளி வைத்தது. வருகிறவர்கள் தாங்களே குத்தி, மடித்து, பிரித்துப் பார்க்கலாம். பூக்கடை வைத்திருக்கும் ஒரு அம்மா நாலு தாளில் குத்திப் பார்த்தார்கள். படிக்கத் தெரியாது என்று அவர்களே சொன்னார்கள். அப்புறம் உள்ளே வந்து, மேசையில் ஒரு சீட்டைத் தூக்கிக் காட்டியபோது எல்லாருக்கும் முன்னால், "மேல உள்ளதுதான் குத்துனது. கீழ உள்ளது திரும்பிக் கெடக்கு பாருங்க" என்றார்கள். சரியாகச் சொன்னார்கள். குடைச் சீட்டு அது.

ஒதுக்கியிருந்த 21-இல் ஐந்து செல்லும் என்று மூன்று முகவரும் ஒத்துக்கொண்டார்கள். குடைக்கு மூன்று, தராசுக்கு இரண்டு. முடிவில் குடை 403, தராசு 395, விளக்கு 48, செல்லாதவை 16. கூட்டினால் 862. வித்தியாசம் ஒன்பதிலிருந்து எட்டு ஆனது. தராசுக்காரர் கரும்பலகையைத் தானே ஒரு தரம் வாய்விட்டுக் கூட்டிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். "தோத்தது தோத்ததுதான், எதுல தோத்தேன்னு இப்பத் தெரிஞ்சுபோச்சு" என்று என்னிடம் சொல்லிக்கொண்டே வெற்றிலை எடுத்தார், கொட்டானிலிருந்து.

அடுத்த தடவை செய்தால் மாற்ற வேண்டியவை சில உண்டு. "இப்போது" பலகையை முதலிலிருந்தே வைக்க வேண்டும், இரண்டு, எதிரெதிர்ப் பக்கத்தில். கணக்குக் கரும்பலகைக்குக் குச்சி எழுத்துப் போதாது, சாக்பீஸைப் படுக்க வைத்துத் தடியாக எழுத ஆள் வேண்டும். கேள்வி கேட்க ஒரு நேரம் ஒதுக்கி, ஒவ்வொரு கட்டு முடிந்ததும் என்று பலகையில் சொல்லிவிட வேண்டும். இந்த முறை அது இல்லாமல் நடுநடுவே எண்ணிக்கை நின்றது. கழிப்பறைப் பலகை ஒன்றுதான் வைத்தேன், அதையும் இரண்டாம் கட்டுக் கதவு திறந்து மறைத்துவிட்டது. மதியம் வரைக்கும் ஆட்கள் என்னிடமே வழி கேட்டார்கள்.

சாயங்காலம் எல்லாம் கழற்றினோம். தரையில் டேப் ஒட்டாதே என்று சொல்லியும் கடைப் பையன் மைக் ஒயருக்கு நாலு இடத்தில் ஒட்டியிருக்கிறான். ஆத்தங்குடிக் கல்லில் பசை பிசுபிசு என்று நின்றது. தேங்காய் எண்ணெயைப் பஞ்சில் தொட்டுக் கால் மணி நேரம் ஊறவிட்டுத் துடைத்தால் வந்துவிடும், கல்லின் நிறம் போகாது. நான் முட்டி போட்டுத் துடைத்துக்கொண்டிருக்கும்போது ஆச்சி வந்து நின்றார்கள். பலகைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்து, முகப்பில் இருந்ததைத் தொட்டு, "இத மட்டும் விட்டுட்டுப் போங்க தம்பி. வர்றவுக ஒருத்தரும் கேக்க மாட்டேங்கிறாக" என்றார்கள்.

"செருப்பை இங்கே விடலாம்" என்ற பலகை. பைப்பையும் சேர்த்து விட்டுவிட்டு வந்தேன்.